ஃபேனுக்கு என்ன எண்ணெய் விடணும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கித் திருத்தப்பட்டது.)

ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. வேலைக்காகச் சென்னையில ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருக்காங்க. கூட அவங்க பாட்டியும் இருக்காங்க. ஊர்லேருந்து கொண்டுவந்த பழைய டேபிள் ஃபேன். சுவிட்ச் போட்டா 'ம்ம்ம்'னு உறுமுது, ஆனா சுத்த மாட்டேங்குது. அம்மாகிட்ட போன்ல கேட்டதுக்கு, "ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விடுடி, ஓடும்" அப்படின்னாங்களாம். பக்கத்து ரூம் தோழி டபிள்யூ.டி.-40 ஸ்ப்ரே கொண்டுவந்து கொடுத்திருக்காங்க. கீழே இருக்கிற பைக் மெக்கானிக் ஒரு சின்ன பாட்டில்ல என்ஜின் ஆயில் ஊத்திக் கொடுத்திருக்கார். மூணும் இப்ப மேசை மேல இருக்கு. எதை விடறது?

கேட்க சின்னக் கேள்விதான். ஆனா கத்திரி வெயில்ல, ராத்திரி பாட்டி தூங்கும்போது அந்த ஃபேன் நின்னுபோச்சுன்னா அது சின்ன விஷயம் இல்லை. நின்ன மோட்டார்ல கரண்ட் ஓடிக்கிட்டே இருந்தா என்ன ஆகும்னு கடைசியில சொல்றேன். அதனால இன்னைக்கு முழு எபிசோடும் இதுக்குத்தான்.

முதல்ல, எண்ணெய்தான் பிரச்சினையா?

எண்ணெய் பாட்டிலைத் திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. பிளக்கைப் பிடுங்கிடுங்க. சுவிட்சை ஆஃப் பண்ணினா போதாது, பிளக்கையே பிடுங்கணும். இப்ப இறக்கையை விரலால ஒரு சுண்டு சுண்டுங்க.

இறக்கை தடையில்லாம நாலைந்து சுற்று சுத்தி மெதுவா நின்னா, உள்ளே உராய்வு பிரச்சினை இல்லை. அப்படி லேசா சுத்துற ஃபேன், கரண்ட் கொடுத்தா மட்டும் உறுமிக்கிட்டு நிக்குதுன்னா, பெரும்பாலும் போயிருக்கிறது கெப்பாசிட்டர். மோட்டார் எந்தப் பக்கம் சுத்தணும்னு முதல் தள்ளு கொடுக்கிறது அதுதான். அதுக்கு நீங்க எத்தனை சொட்டு எண்ணெய் விட்டாலும் பலன் இல்லை. எலக்ட்ரீஷியன்கிட்ட கொடுத்து மாத்திடுங்க. நீங்களே கழட்டாதீங்க, பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கலாம்.

சுண்டினா அரைச் சுற்றுல டக்குனு நிக்குது, மாவுக்குள்ள கையை விட்ட மாதிரி கனமா இருக்குன்னா, அப்பதான் எண்ணெய்ப் பேச்சு. இந்தச் சோதனையை அந்த நேயர் செஞ்சு பார்த்துட்டு, "இறக்கை கனமா இருக்கு" அப்படின்னு பதில் அனுப்பினாங்க. சரி, மேலே போவோம்.

உள்ளே இருக்கிறது இட்லி

சின்ன மோட்டார்ல சுத்துற தண்டைத் தாங்கிப் பிடிக்க ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு பால் பேரிங். இரும்பு உருண்டைகள் வட்டமா அடுக்கி, உள்ளே கிரீஸ் அடைச்சு, ரெண்டு பக்கமும் மூடி வெச்சது. சீலிங் ஃபேன்ல பெரும்பாலும் இதுதான்.

இன்னொண்ணு புஷ். டேபிள் ஃபேன், பழைய எக்ஸாஸ்ட் ஃபேன், கம்ப்யூட்டர்ல இருக்கிற விலை குறைஞ்ச ஃபேன் எல்லாத்துலயும் இதைப் பார்க்கலாம். பார்க்க ஒரு சின்ன உலோக வளையம் மாதிரிதான் இருக்கும். ஆனா அது வார்த்த உலோகம் கிடையாது. வெண்கலத் தூளை அச்சில் அழுத்தி, உருகாத அளவுக்குச் சூடாக்கிச் செய்தது. அதனால உள்ளே முழுக்க நுண்துளைகள். அதன் கன அளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வெறும் துளைதான். இட்லியை நினைச்சுக்கோங்க. இட்லி சாம்பாரை உறிஞ்சி வெச்சுக்கிற மாதிரி, இந்த புஷ் எண்ணெயை உறிஞ்சி வெச்சுக்கும்.

ஃபேன் ஓடும்போது புஷ் சூடாகிறது. உள்ளே இருக்கும் எண்ணெய் விரிந்து துளைகள் வழியாக வெளியே கசிந்து தண்டைச் சுற்றி ஒரு படலமாக நிற்கிறது. ஃபேன் நின்று ஆறியதும் அதே எண்ணெய் திரும்பத் துளைகளுக்குள் போய்விடுகிறது. சுற்றிலும் ஒரு கம்பளி வளையம் இருக்கும். அதுவும் எண்ணெய் ஊறினது, கூடுதல் இருப்பு மாதிரி. இவ்வளவு சின்ன இடத்துல இவ்வளவு ஏற்பாடு! நாம விடுற எண்ணெய் இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துப்போகணும், அவ்வளவுதான் விஷயம்.

எண்ணெய் செய்யுற வேலை

மழையில வேகமா பைக் ஓட்டும்போது டயர் ரோட்டைத் தொடாம தண்ணி மேல வழுக்கிட்டுப் போகும் இல்லையா? ரோட்டுல அது ஆபத்து. மோட்டாருக்குள்ள நமக்கு வேண்டியதே அதுதான். தண்டு வேகமா சுத்தும்போது எண்ணெயைத் தன்னோட இழுத்துக்கிட்டுப் போகுது. தண்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவுல ஒரு மெல்லிய படலம் உருவாகி, உலோகம் உலோகத்தைத் தொடாமல் மிதக்கிறது.

இந்தப் படலம் நிக்கணும்னா எண்ணெயோட தடிமன் சரியா இருக்கணும். தமிழ்ல பாகுத்தன்மைன்னு சொல்வாங்க. ரொம்ப நீர்க்க இருந்தா படலம் கிழிஞ்சுடும், தண்டு புஷ்ஷைத் தேய்க்கும். ரொம்பக் கெட்டியா இருந்தா எண்ணெயைக் கலக்குறதுக்கே மோட்டாரோட சக்தி போயிடும். டேபிள் ஃபேன் மோட்டார் வெறும் 50 வாட் அளவுதான். அதுக்கு அவ்வளவு தெம்பு கிடையாது.

எண்ணெய் டப்பாவுல "ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 32", "வி.ஜி. 68" அப்படின்னு ஒரு எண் பார்த்திருப்பீங்க. 40 டிகிரி செல்சியஸ்ல அந்த எண்ணெய் எவ்வளவு கெட்டி என்பதைக் குறிக்கிற எண் அது. எண் கூடினா கெட்டி கூடும். 40 டிகிரின்னா கிட்டத்தட்ட நம்ம மே மாச மதியம். அதனால அந்த எண்ணை நம்ம ஊருக்கு அப்படியே எடுத்துக்கலாம்.

பொதுவான விதி இதுதான்: வேகம் அதிகம், பாரம் குறைவு என்றால் மெல்லிய எண்ணெய். வேகம் குறைவு, பாரம் அதிகம் என்றால் கெட்டியான எண்ணெய்.

இப்ப மேசை மேல இருக்கிற மூணையும் ஒவ்வொண்ணா பார்ப்போம்.

அம்மா சொன்ன தேங்காய் எண்ணெய்

அம்மா சொன்னது முழுத் தப்புன்னு சொல்ல மாட்டேன். விட்ட அன்னைக்கு ஃபேன் ஓடும். தேங்காய் எண்ணெய் நல்லாவே வழுக்கும், அதுல சந்தேகமே இல்லை. பிரச்சினை அதுக்கப்புறம்தான்.

முதல் பிரச்சினை, அது ஏறக்குறைய 24 டிகிரியில உறைய ஆரம்பிக்கும். சென்னை மேல அது அவ்வளவா தெரியாது. பெங்களூர்ல, ஊட்டியில, மார்கழி காலையில கோயம்புத்தூர்ல, குளியலறை அலமாரியில பாட்டில் வெள்ளையா கட்டியாகி நிக்குமே, அதே எண்ணெய்தான் உங்க புஷ்ஷோட துளைகளுக்குள்ளயும் இருக்கு.

ரெண்டாவது, அதுல இருக்கிற கொழுப்பு அமிலம். வீட்டு பித்தளைக் குத்துவிளக்கை ஒரு மாசம் துலக்காம விட்டுப் பாருங்க. எண்ணெய் நின்ன இடத்துல பச்சையா களிம்பு ஏறியிருக்கும். எண்ணெய் பழசாகப் பழசாக அதுல அமிலம் கூடும். அந்த அமிலம் செம்போட சேர்ந்து உண்டாக்குற பச்சை அது. புஷ் வெண்கலம், வெண்கலத்துலயும் பெரும்பங்கு செம்புதான். விளக்குல நடக்கிறது மோட்டாருக்குள்ளயும் நடக்கும், என்ன, அங்கே யாரும் துலக்க மாட்டாங்க.

நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எல்லாம் இதைவிட மோசம். வடை சுடுற சட்டியோட வெளிப்பக்கம் பழுப்பா, பிசுபிசுன்னு ஒரு படலம் ஒட்டியிருக்கும். என்ன தேய்ச்சாலும் போகாது. சூட்டுல காத்துபட்ட சமையல் எண்ணெய் இறுகி அப்படி ஆகிடுது. புஷ்ஷோட துளைகளை அது அடைச்சிடுச்சுன்னா, பிறகு நல்ல எண்ணெய் விட்டாலும் உள்ளே இறங்காது.

ஒரே ஒரு இடத்துல மட்டும் அம்மா சொன்னது சரி. மிக்ஸி ஜாரோட அடியில பிளேடு சுத்துற புஷ் இறுகிட்டா, அங்கே ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய்தான் விடணும். ஏன்னா அங்கே விடுற எது வேணும்னாலும் சட்னியில கலக்கும். மெஷின் ஆயில் அங்கே கூடவே கூடாது.

தோழி கொடுத்த டபிள்யூ.டி.-40

இந்தப் பேருக்கு அர்த்தமே ஆங்கிலத்துல "தண்ணியை விலக்குறது, நாற்பதாவது ஃபார்முலா" அப்படின்னு. 1953-ல அமெரிக்காவின் சான் டியாகோவுல ராக்கெட் கெமிக்கல் கம்பெனின்னு ஒரு சின்ன நிறுவனம் உருவாக்கினது. அட்லஸ் ஏவுகணையோட வெளித்தோல் துருப்பிடிக்காம இருக்கத்தான் முதல்ல பயன்பட்டது. அதாவது அது பிறந்ததே ஈரத்தை விரட்ட.

அதுல பெரும்பகுதி ஆவியாகிப் போகிற கரைப்பான். கொஞ்சம்தான் எண்ணெய். அடிச்சவுடனே இறுகின பழைய பிசுக்கு கரையும், ஃபேன் ஜம்முன்னு ஓடும். "ஆஹா சரியாயிடுச்சு"ன்னு நாம மூடி வெச்சிடுவோம். ஆனா அது பிசுக்கோட சேர்த்து, புஷ்ஷுக்குள்ள மிச்சமிருந்த நல்ல எண்ணெயையும் கழுவிட்டுப் போயிடும். கரைப்பான் ஆவியானதும் துளைகள்ல ஒண்ணும் இருக்காது. சில நாள்லயோ சில வாரத்துலயோ திரும்ப அதே உறுமல்.

எங்க தெருவுல ஒரு வைண்டிங் கடை இருக்கு. அங்கே அண்ணன்கிட்ட இதைப் பத்திப் பேசினப்போ அவர் சொன்னார்: "தம்பி, அது குளிப்பாட்டுற தண்ணி. குளிச்சு முடிச்சதும் சோறு போடணும் இல்ல?" இதைவிட நல்லா என்னால சொல்ல முடியாது. சுத்தம் பண்ண அதைப் பயன்படுத்துங்க, தப்பே இல்லை. அதுக்கப்புறம் உண்மையான எண்ணெய் விடணும்.

இன்னொரு எச்சரிக்கை. ஃபேன் ஓடும்போது எந்த ஸ்ப்ரேயையும் உள்ளே அடிக்காதீங்க. டப்பாவுல நெருப்புப் படம் சும்மா போடல. சுவிட்ச்ல ஒரு சின்னப் பொறி போதும்.

மெக்கானிக் கொடுத்த என்ஜின் ஆயில்

மூணுல இது உண்மையான மெஷின் எண்ணெய். ஆனா வேற மெஷினுக்கானது. பைக் என்ஜினுக்குள்ள கரி உண்டாகும். அந்தக் கரி ஒரே இடத்துல படியாம எண்ணெயிலேயே மிதக்கணும்னு, அழுக்கைப் பிடிச்சு வெச்சுக்கிற ரசாயனங்கள் சேர்த்திருப்பாங்க. என்ஜின்ல அந்த எண்ணெயை வடிகட்ட வழி இருக்கும், சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை வடிச்சு மாத்தவும் செய்வோம். ஃபேன் புஷ்ஷுல ஃபில்டரும் இல்லை, ஆயில் சேஞ்சும் இல்லை. தூசியைப் பிடிச்சுக்கிட்டு அங்கேயே நிக்கும்.

தடிமனும் கூட. 20டபிள்யூ-40 ஆயில் 40 டிகிரியில வி.ஜி. 100-க்கும் மேல இருக்கும். டேபிள் ஃபேனுக்கு அது கனம். வேற எதுவுமே கிடைக்காத ராத்திரியில சமையல் எண்ணெய்க்குப் பதிலா ஒரு சொட்டு விடலாம். பழக்கமா வெச்சுக்க வேண்டாம். பைக்லேருந்து வடிச்ச கறுப்பு ஆயிலை மட்டும் எப்பவும் வேண்டாம்.

அப்போ எதைத்தான் வாங்குறது?

சுலபமா கிடைக்கிறது தையல் மெஷின் ஆயில். தண்ணி மாதிரி தெளிவா, சின்ன பாட்டில்ல, ஹார்டுவேர் கடையிலயும் தையல் சாமான் கடையிலயும் கிடைக்கும். சுத்தமான கனிம எண்ணெய், பிசுக்காகாது. கம்ப்யூட்டர் ஃபேன் மாதிரி சின்ன, லேசான, வேகமான மோட்டாருக்கு இதுவே சரியான தேர்வு.

டேபிள் ஃபேன், பெடஸ்டல் ஃபேனுக்கும் இதை விடலாம். ஆனா அந்தப் பெரிய இறக்கையைத் தாங்க இது கொஞ்சம் மெல்லிசு, சீக்கிரம் தீர்ந்துடும். ஃபேன் தினமும் ஓடுதுன்னா மூணு நாலு மாசத்துக்கு ஒருமுறை திரும்ப விட வேண்டியிருக்கும்.

அதைவிடப் பொருத்தம் வி.ஜி. 32-லேருந்து 68-க்குள்ள இருக்கிற கனிம எண்ணெய். "எலக்ட்ரிக் மோட்டார் ஆயில்"னு கிடைச்சா வாங்குங்க. இல்லைன்னா லேத் பட்டறைக்கு எண்ணெய் விக்கிற கடையில ஸ்பிண்டில் ஆயிலோ ஹைட்ராலிக் ஆயிலோ கேளுங்க. எண்ணைச் சொல்லிக் கேளுங்க. அரை லிட்டர் வாங்கினா நாலு வீட்டுக்குப் பல வருஷம் வரும். ஹாஸ்டல்ல இருக்கிறவங்க சேர்ந்து ஒரு பாட்டில் வாங்கிக்கலாம்.

கிரீஸ் எங்கே? ஃபேன் தலையை இடமும் வலமும் ஆட்டுற பல்சக்கரப் பெட்டி பின்னால இருக்கும். அங்கேதான் கிரீஸ். புஷ்ஷுல கிரீஸ் வைக்காதீங்க, அது நுண்துளைக்குள்ள இறங்காது. பல்சக்கரம் பிளாஸ்டிக்கா இருந்தா பிளாஸ்டிக்குக்கு ஆகும்னு எழுதியிருக்கிற கிரீஸாப் பார்த்து வாங்குங்க, சில எண்ணெய்கள் சில பிளாஸ்டிக்கை விரிசல் விட வைக்கும்.

விடும் முறை

பிளக்கைப் பிடுங்குங்க. முன் கிரில்லைக் கழட்டுங்க. இறக்கையைப் பிடிச்சிருக்கிற நடு மூடி பெரும்பாலும் தலைகீழ் மரை. வழக்கமா திறக்கிற பக்கம் திருப்பினா இன்னும் இறுகும். கடிகார முள் சுத்துற திசையில திருப்பினாதான் கழலும்.

இறக்கையை எடுத்ததும் தண்டைச் சுத்தி தலைமுடி, நூல், பஞ்சு சிக்கியிருக்கும். அதை முழுசா எடுங்க. பல ஃபேனுக்கு இதுவே பாதி வைத்தியம். பழைய பிசுக்கைத் துணியால துடைச்சு, தேவைன்னா மட்டும் கொஞ்சம் கரைப்பான் போட்டு, நல்லா காய விடுங்க.

பிறகு முன் புஷ்ஷுல ரெண்டு மூணு சொட்டு. பின்பக்க மூடியைக் கழட்டி அங்கேயும் ரெண்டு மூணு சொட்டு. முடிஞ்சா கம்பளி வளையத்தில் படும்படி விடுங்க. தண்டைக் கையால ஒரு நிமிஷம் சுத்தி, கொஞ்சம் முன்னும் பின்னும் அசைச்சுக் கொடுங்க. கால் மணி நேரம் ஊற விட்டு, வழிஞ்சதைத் துடைச்சிடுங்க. கூட விட்டா கூட நாள் ஓடும்னு நினைக்காதீங்க. மிஞ்சின எண்ணெய் வைண்டிங் மேல தெறிச்சு தூசியைச் சேர்க்கும்.

எண்ணெய் விடக் கூடாத இடங்கள்

சீலிங் ஃபேன் 'கரகர'ன்னு சத்தம் போட்டா மேலேருந்து எண்ணெய் ஊத்தாதீங்க. மூடின பால் பேரிங்குக்குள்ள எண்ணெய் போனா, இருக்கிற கிரீஸையும் கரைச்சுக்கிட்டு சுவர்ல கறுப்பா தெறிக்கும். பேரிங்கை மாத்துறதுதான் வழி. வைண்டிங் கடையில செய்வாங்க, புது ஃபேன் விலையில சின்னப் பங்குதான் ஆகும்.

மிக்ஸி மோட்டாருக்குள்ளயும் வேண்டாம். அதுல கார்பன் பிரஷ் இருக்கு. எண்ணெய் பட்டா கார்பன் தூளோட சேர்ந்து சேறாகி, பொறி பறக்கும். லேப்டாப் ஃபேன் பல சமயம் மூடி முத்திரையிட்டது, அதுல தூசியை மட்டும் ஊதி எடுங்க.

நின்ன மோட்டார்

ஆரம்பத்துல சொன்ன விஷயத்துக்கு வர்றேன். ஓடுற மோட்டாரை அந்த ஃபேனோட காத்தே குளிர்விக்குது. தண்டு இறுகி நின்னுட்டா காத்து இல்லை, ஆனா கரண்ட் முன்னைவிட அதிகமா பாயும். வைண்டிங் சூடாகிக்கிட்டே போகும். இதுக்காகவே பல ஃபேன்கள்ல வைண்டிங்குக்குள்ள ஒரு தெர்மல் ஃபியூஸ் வெச்சிருப்பாங்க. சூடு எல்லை தாண்டினா அது அறுந்து கரண்டை நிறுத்திடும். பழைய ஃபேன்லயும் மலிவான ஃபேன்லயும் அது இல்லாமலே இருக்கலாம்.

சில இடங்கள்ல ரிப்பேருக்குக் கொடுத்தா, அறுந்த ஃபியூஸை எடுத்துட்டு ஒயரை நேரா இணைச்சுக் கொடுத்துடுவாங்க. ஃபேன் ஓடும், பணமும் மிச்சம். ஆனா அடுத்த முறை தண்டு இறுகினா நிறுத்த யாரும் இல்லை, பக்கத்துல மெத்தையும் திரைச்சீலையும் இருக்கும். அதனால ரிப்பேருக்குக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை கேளுங்க: "அண்ணே, தெர்மல் ஃபியூஸ் புதுசு போட்டீங்களா?" அதே அளவுள்ள புது ஃபியூஸ் விலை அதிகமில்லை.

உறுமிக்கிட்டு சுத்தாம நிக்கிற ஃபேனை, விரலால தள்ளி ஓட்டிட்டு அப்படியே தூங்கப் போகாதீங்க. அன்னைக்கு ராத்திரி ஓடலாம். நடுராத்திரி கரண்ட் போய்த் திரும்ப வரும்போது தள்ளிவிட யார் இருப்பாங்க? கருகல் வாசம் வந்தா உடனே பிளக்கைப் பிடுங்குங்க, அந்த ஃபேனை அன்னைக்கு மறுபடி போடவே வேண்டாம்.

அந்த நேயருக்கு நான் சொன்ன பதில் இதுதான். தோழியோட ஸ்ப்ரேயைத் துணியில அடிச்சு தண்டைத் துடைங்க. என்ஜின் ஆயிலை மெக்கானிக்கிட்டயே திருப்பிக் கொடுத்திடுங்க. தேங்காய் எண்ணெயைத் தலைக்கு வெச்சுக்கோங்க. தெருமுனை தையல் கடையில ஒரு சின்ன பாட்டில் மெஷின் ஆயில் வாங்கி ரெண்டு பக்கமும் மூணு மூணு சொட்டு விடுங்க. ஒரு வாரம் பகல்ல மட்டும் ஓட்டிப் பாருங்க. அதுக்கப்புறமும் தண்டு கனமா இருந்தாலோ, தண்டைப் பிடிச்சு ஆட்டினா 'கடகட'ன்னு ஆடினாலோ, புஷ் தேஞ்சுபோச்சுன்னு அர்த்தம். எண்ணெயால அதைச் சரி பண்ண முடியாது, புஷ்ஷை மாத்தணும். அதுவரை பாட்டி பக்கத்துல வேற ஃபேன் இருக்கட்டும்.

உங்க வீட்டு ஃபேனுக்கு இதுவரை என்ன எண்ணெய் விட்டுக்கிட்டு இருந்தீங்கன்னு வாய்ஸ் நோட்ல சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.